விட்டு வந்த பிறகும் பின்தொடர்கிறாரா? போன், பணம், முகவரி பற்றிப் பெண்கள் கேட்கும் கேள்விகள்

அடிக்கிற கணவரையோ மிரட்டுகிற காதலரையோ விட்டு வெளியே வந்துவிட்ட சென்னைப் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். வெளியே வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. "நீ எங்கே இருக்கேன்னு எனக்குத் தெரியும்" என்று மெசேஜ் வரும். அந்த நடுக்கத்தில் எதைப் பார்த்தாலும் சந்தேகம் வரும். அவருக்குத் தெரிந்ததற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும். அதைத் தேடிப் பிடிக்க முடியும், அடைக்கவும் முடியும். இப்போதே உயிருக்கு ஆபத்து என்றால் மேலே படிக்க வேண்டாம், 112-ஐ அழையுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181-இல் இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

இதை எந்த போனில் படிக்கலாம்?

அவர் கை படாத போனில். அக்கா போன், தோழி போன், ஆபீஸ் கம்ப்யூட்டர், எதுவானாலும் சரி. இன்காக்னிட்டோவில் திறந்தால் ஹிஸ்டரியில் பதியாது, அவ்வளவுதான். போனையே யாராவது கண்காணித்தால் அது காப்பாற்றாது. 181-க்குப் பேசுவதும் அதே போல வேறு போனிலிருந்து பேசுவது நல்லது.

நான் போகிற இடமெல்லாம் அவருக்குத் தெரிகிறது. என் போனில் ஸ்பை ஆப் வைத்திருக்கிறாரா?

இருக்கலாம். ஆனால் நான் முதலில் கேட்பது வேறு: உங்கள் போனை வாங்கிய அன்று கடையிலேயே ஜிமெயில் போட்டுக் கொடுத்தது யார்? பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்? ரெக்கவரி நம்பர் யாருடையது? பல வீடுகளில் எல்லாவற்றுக்கும் பதில் "அவர்தான்" என்று வரும். அப்படியென்றால் அவருக்கு ஸ்பை ஆப்பே தேவையில்லை. உங்கள் கூகுள் கணக்கில் அவர் தன் போனிலோ லேப்டாப்பிலோ நுழைந்தால், தொலைந்த போனைத் தேடும் வசதியில் உங்கள் போன் எந்தத் தெருவில் இருக்கிறது என்று மேப்பில் காட்டும். நீங்கள் எடுக்கும் போட்டோ கூகுள் போட்டோஸில் ஏறினால், புது வீட்டு ஜன்னலும் எதிர்வீட்டு போர்டும் அவர் கண்ணில் படும். கூகுள் மேப்ஸில் லொகேஷன் ஷேரிங்கை என்றோ அவர் போட்டு வைத்திருந்தால், நிறுத்தும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும்.

சேர்ந்து வாழ்ந்தபோது பொதுவாக இருந்த கணக்கு, நம்பர், கார்டு, வண்டி, சொந்தக்காரர்கள். பெரும்பாலும் இவற்றின் வழியாகத்தான் கண்டுபிடிக்கிறார்கள். அதனால் தேடலை அங்கிருந்து தொடங்குங்கள்.

அப்படியென்றால் இப்போதே எல்லா பாஸ்வேர்டையும் மாற்றிவிடட்டுமா?

நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இன்னும் அதே வீட்டில் இருந்தால் வேண்டாம். பாஸ்வேர்டு மாறினால் கூகுள் உடனே எச்சரிக்கை அனுப்பும், அது அவர் மெயிலுக்கும் போகலாம். தன் பிடி போகிறது என்று தெரிகிற நேரத்தில்தான் பல ஆண்கள் மிக மோசமாக நடந்துகொள்கிறார்கள். முதலில் பாதுகாப்பான இடம், அப்புறம் போன். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

கிளம்பும் முன் அந்தப் பழைய போனில் ஹாஸ்டல் தேடாதீர்கள், வக்கீலிடம் பேசாதீர்கள், கேப் புக் செய்யாதீர்கள். வழக்கம்போல வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டு, குட்மார்னிங் அனுப்பிக்கொண்டு இருங்கள். ஆதார், பான், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், மார்க் ஷீட், மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் நம்பிக்கையான ஒருவர் கையில் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். கையில் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும்.

வெளியே வந்துவிட்டேன். முதலில் என்ன செய்வது?

முடிந்தால் வேறு போன். பழைய செகண்ட் ஹேண்ட் போனாக இருந்தாலும் பரவாயில்லை, ரீசெட் செய்து புது ஜிமெயிலோடு தொடங்குங்கள். பழைய ஜிமெயிலை அதில் ஒரு தடவைகூடப் போடாதீர்கள். பழைய பேக்கப்பையும் இறக்காதீர்கள். வீடு மாறிவிட்டு பழைய சாவியையே அவரிடம் கொடுத்து வைத்தது போல ஆகிவிடும்.

பழைய ஜிமெயிலை விட முடியாத நிலை பலருக்கு உண்டு. பேங்க், பிஎஃப், வேலை எல்லாம் அதில்தான் இருக்கும். அப்படியானால் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் எந்தெந்த சாதனங்கள் உள்ளே இருக்கின்றன என்று பாருங்கள். தெரியாததை வெளியேற்றுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள், ரெக்கவரி நம்பர், ரெக்கவரி மெயில் இரண்டையும் மாற்றுங்கள். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: ரெக்கவரி நம்பரை மாற்றிய பிறகும் 7 நாள் வரை பழைய நம்பருக்குக் குறியீடு அனுப்பட்டுமா என்று கூகுள் கேட்கலாம். அதனால் அந்த ஒரு வாரம் அடிக்கடி உள்ளே போய்ப் பாருங்கள்.

ஐபோன் என்றால் 2022-இல் வந்த ஐஓஎஸ் 16 முதல் சேஃப்டி செக் என்ற பகுதி இருக்கிறது. யாரோடு எதைப் பகிர்கிறீர்கள் என்பதை ஒரே இடத்தில் காட்டி, அங்கேயே நிறுத்தவும் விடும்.

சிம் அவர் பெயரில் இருக்கிறது. பிரச்சினையா?

பெரிய பிரச்சினை. சிம் யார் பெயரில் இருக்கிறதோ, அவர்தான் சட்டப்படி வாடிக்கையாளர். "தொலைந்துவிட்டது" என்று சொல்லி டூப்ளிகேட் சிம் வாங்கினால் உங்கள் ஓடிபி எல்லாம் அவருக்குப் போகும். போஸ்ட்பெய்டு பில்லில் நீங்கள் யாரோடு பேசினீர்கள் என்பது வரும். உங்கள் ஆதாரைக் கொடுத்து உங்கள் பெயரில் புது சிம் வாங்குங்கள். உங்கள் பெயரில் வேறு யாராவது சிம் வைத்திருக்கிறார்களா என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம், வேண்டாததைத் துண்டிக்கச் சொல்லவும் அதிலேயே வழி இருக்கிறது.

பழைய சிம்மைத் தூக்கி எறிய வேண்டாம். மிரட்டல் மெசேஜ் அதில்தான் வரும், வழக்குக்கு அது வேண்டும். வேறொரு சாதாரண பட்டன் போனில் போட்டு அணைத்து வையுங்கள். ஆன் செய்தாலே சிம் டவரில் பதியும் என்பதால் தங்கியிருக்கும் இடத்தில் ஆன் செய்யாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் நம்பர் மாற்றும் வசதி இருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். அதில் மாற்றினால் நீங்கள் இருக்கும் குரூப்புகளில் எல்லாம் உங்கள் நம்பர் மாறிய செய்தி தானாகவே போகும். மாமியார் வீட்டு குரூப்பும் அதில் இருக்கும். புது நம்பரில் புதிதாகத் தொடங்குங்கள், ஆறு இலக்க ரகசிய எண்ணை (பின்) உடனே போடுங்கள். புரொஃபைல் போட்டோ, லாஸ்ட் சீன், ஸ்டேட்டஸ் எல்லாவற்றையும் காண்டாக்ட்டில் உள்ளவர்களுக்கு மட்டும் வையுங்கள்.

பழைய நம்பரையே வைத்திருந்தால் லிங்க்டு டிவைசஸ் பகுதியைத் திறந்து பாருங்கள். ஒருமுறை உங்கள் போனைக் கையில் எடுத்து க்யூஆர் ஸ்கேன் செய்திருந்தால், அவருடைய லேப்டாப்பில் உங்கள் சாட் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும். வெளியேற்றும் முன் அந்தத் திரையை இன்னொரு போனில் போட்டோ எடுத்து வையுங்கள்.

சரி, ஸ்பை ஆப் இருக்கிறதா என்று எப்படித்தான் பார்ப்பது?

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் அணுகல்தன்மை (ஆக்சஸிபிலிட்டி), டிவைஸ் அட்மின், நோட்டிஃபிகேஷன் படிக்கும் அனுமதி, இந்த மூன்றையும் பாருங்கள். நீங்கள் போடாத ஏதாவது ஒன்று "சிஸ்டம் சர்வீஸ்", "வைஃபை" என்பது போல அப்பாவிப் பெயரில் அனுமதி வாங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள். ப்ளே ஸ்டோரில், ஆபத்தான ஆப்பைக் கண்டுபிடிக்கும் ப்ளே ப்ரொடெக்ட் அணைந்திருந்தாலும் அப்படியே. அப்படி ஒன்று சிக்கினால் உடனே அழிக்காதீர்கள். படம் எடுத்து வைத்துவிட்டு, வக்கீலிடமோ போலீஸிலோ பேசிவிட்டு அப்புறம் ரீசெட் செய்யலாம். பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது, போன் சூடாகிறது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். பழைய போன் எல்லாமே அப்படித்தான்.

ஆதார், ரேஷன் கார்டு மூலமாகவும் தெரிந்துவிடுமா?

தெரிந்துவிடும். வெளிநாட்டுக் குறிப்புகளில் இது வராது, நம் ஊரில் இதுதான் அடிக்கடி காட்டிக்கொடுக்கிறது.

ஆதாரில் எந்த நம்பர் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். அது அவருடைய நம்பர் என்றால், நீங்கள் புது முகவரியை ஏற்றிய பிறகு அவர் ஓடிபி போட்டு உங்கள் இ-ஆதாரை இறக்கி முகவரியைப் படித்துவிடலாம். அதனால் முதலில் நம்பர், முகவரி பிறகு. நம்பர் மாற்ற ஆதார் சேவை மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்தால் போதும், பழைய நம்பருக்கு ஓடிபி தேவையில்லை. முகவரியை மாற்றுவதை உண்மையாகவே தேவை வரும்வரை தள்ளிப்போடுங்கள். டிஜிலாக்கர் பாஸ்வேர்டையும் மறக்காதீர்கள்.

ரேஷன் கடையில் அரிசி, சர்க்கரை, பாமாயில் வாங்கிய உடனே ஸ்மார்ட் கார்டில் பதிந்த நம்பருக்கு எஸ்எம்எஸ் போகிறது. பல வீடுகளில் அது கணவர் நம்பர். பழைய கார்டைக் காட்டி வேறு ஏரியாவில் வாங்கினால், நீங்கள் ஊரில்தான் இருக்கிறீர்கள் என்பது அந்த நிமிடமே அவருக்குத் தெரியும். கேஸ் புக்கிங்கும் அப்படியே. பெயர் நீக்கம், புது கார்டு எல்லாம் கொஞ்சம் ஆற அமரச் செய்யலாம்.

வாக்காளர் பட்டியலை யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். அதில் பெயர், வீட்டு எண், தந்தை அல்லது கணவர் பெயர் எல்லாம் இருக்கும். ஆபத்து தீராதவரை முகவரி மாற்றும் படிவம் கொடுப்பதைப் பற்றி வக்கீலிடம் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

ஜிபே, ஏடிஎம் பயன்படுத்தலாமா?

ஜாயின்ட் அக்கவுண்ட் என்றால் கூடாது. ஸ்டேட்மென்ட்டில் நீங்கள் பணம் கொடுத்த கடையின் பெயர் வரும். வில்லிவாக்கத்தில் ஒரே பால் கடைக்கு நாலு நாள் காலையில் ஜிபே செய்தால், எந்தத் தெருவில் இருக்கிறீர்கள் என்று கண்டுபிடிக்க ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? உங்கள் பெயரில் மட்டும், முடிந்தால் வேறு பேங்க்கில், புது நம்பரோடு கணக்கு தொடங்குங்கள். சம்பளத்தை அதற்கு மாற்றச் சொல்லுங்கள். அதுவரை ரொக்கம்.

ஸ்விக்கி, அமேசான், கேப் ஆப் எல்லாவற்றிலும் பழைய கணக்கை மூடிவிட்டு புதிதாகத் தொடங்குங்கள். பழைய கணக்கில் ஒரு பிரியாணி ஆர்டர் செய்தாலும் டெலிவரி முகவரி அதிலேயே தங்கிவிடும்.

ஊருக்குள் போய்வருவது எப்படி? வண்டியில் ஏதாவது வைத்திருப்பாரோ?

எம்டிசி சாதாரண நகரப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லை. பெயரும் நம்பரும் கேட்காமல் டிக்கெட் கொடுக்கிறார்கள். இடம் தெரியக் கூடாது என்று நினைப்பவருக்கு இதைவிட நல்ல பயணம் கிடையாது. மெட்ரோவில் போனால் கவுன்டரில் ரொக்கம் கொடுத்து டிக்கெட் வாங்குங்கள், பழைய பயண அட்டை வேண்டாம்.

கார் அவர் பெயரில் இருந்தால், வானகரத்தையோ பரனூரையோ தாண்டியதும் பாஸ்டேக் எஸ்எம்எஸ் டோல் பெயரோடும் நேரத்தோடும் அவருக்குப் போய்விடும். மின்சார ஸ்கூட்டர் என்றால் அதன் ஆப்பில் வண்டி நிற்கும் இடமே தெரியும். அவருடைய லாக்-இன் இருந்தால் அந்த வண்டியை உறவினர் வீட்டில் விட்டுவிடுங்கள்.

ஏர்டேக் மாதிரி, இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் சின்ன டிராக்கர்கள் ஹேண்ட்பேக் உள்தையலில், வண்டி சீட்டுக்கு அடியில், குழந்தையின் ஸ்கூல் பேக்கில் இருக்கலாம். உங்களுக்குச் சொந்தமில்லாத டிராக்கர் கூடவே வந்தால் ஐபோனும் ஓரளவு புதிய ஆண்ட்ராய்டும் எச்சரிக்கை கொடுக்கும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் பாதுகாப்பு, அவசரநிலை என்ற பகுதிக்குள் போய் நீங்களாகவும் ஸ்கேன் செய்யலாம். சிம் போட்டு இயங்கும் ஜிபிஎஸ் கருவியை இந்த ஸ்கேன் பிடிக்காது. அதற்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுத்து, பேட்டரி ஒயரில் கூடுதலாக எதாவது சொருகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கிடைத்தால், அதை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் படம் எடுத்து நேராகக் காவல் நிலையத்தில் கொடுங்கள்.

குழந்தை என்னோடு இருக்கிறாள். அப்பா டேப் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

அந்த டேப்பை வீட்டு வைஃபையில் இணைக்க வேண்டாம். வாங்கிக் கொடுத்தவரின் கணக்கு அதில் இருந்தால் அது இருக்கும் இடம் அவருக்குத் தெரியும். சிம் போடும் குழந்தை வாட்ச்சும் இதே கதைதான். குடும்ப நல நீதிமன்றம் குழந்தையைப் பார்க்க அனுமதி கொடுத்திருந்தால், ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் பொம்மை, பேக், ஷூ எல்லாவற்றையும் வழியிலேயே ஒரு தடவை தடவிப் பாருங்கள். குழந்தையிடம் இதைப் பயமுறுத்தாமல் செய்யுங்கள்.

பள்ளியில் வகுப்பாசிரியரையும் தலைமையாசிரியரையும் நேரில் பார்த்துப் பேசுங்கள். ஸ்கூல் பஸ் ஜிபிஎஸ் ஆப்பில் அப்பாவின் லாக்-இன் இருந்தால், மகள் எந்த ஸ்டாப்பில் இறங்குகிறாள் என்பது தினமும் அவர் போனில் வரும். பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் இருக்கிறாரா என்று பாருங்கள். யார் வந்தால் குழந்தையை அனுப்பலாம் என்பதைப் பள்ளியில் எழுதியே கொடுத்துவிடுங்கள்.

சொந்தக்காரர்கள் வாயை எப்படி அடைப்பது?

எல்லோருக்கும் உண்மை சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பெரியம்மா, சித்தப்பா பலரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. "பாவம், அழுதான், சேர்த்து வைக்கலாம்னு சொன்னேன்" என்பார்கள். இடம் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேரோடு நிற்கட்டும். கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷத்தில் உங்களைச் சேர்த்து எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அவர் போலீஸில் "மனைவியைக் காணவில்லை" என்று புகார் கொடுத்துவிட்டார். இப்போது என்ன?

இதைப் பலர் எதிர்பார்ப்பதே இல்லை. காணவில்லை என்று புகார் வந்தால் போலீஸ் போன் டவரை வைத்துத் தேடும். நல்ல எண்ணத்தோடேயே உங்களைக் கண்டுபிடித்து, கணவர் கையில் ஒப்படைக்கவும் பார்க்கலாம். அதனால் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். கிளம்பிய அன்றோ மறுநாளோ ஓர் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு வக்கீலோடு அல்லது தோழியோடு போங்கள். தமிழ்நாட்டில் இந்த நிலையங்கள் 1992-இல் தொடங்கின, சென்னையில் பல இடங்களில் இருக்கின்றன. "நான் மேஜர். வன்முறை தாங்காமல் என் விருப்பத்தில் வெளியே வந்தேன். நான் காணாமல் போகவில்லை. என் முகவரியை யாருக்கும் தெரிவிக்க வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்குப் போலீஸ் தரும் சிஎஸ்ஆர் ரசீதை வாங்குங்கள். அந்தத் தாளின் நகல் எப்போதும் கைப்பையில் இருக்கட்டும்.

ஏற்கெனவே புகார் பதிவாகியிருந்தால், போலீஸ் உங்களை அழைத்து வாக்குமூலம் வாங்கும், சில நேரம் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும். பயப்பட வேண்டாம். மேஜரான பெண்ணை யாரோடும் அனுப்பிவைக்க முடியாது. எங்கே போக விருப்பம் என்று கேட்பார்கள், உங்கள் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். கணவர் நிற்கும் இடத்தில் முகவரியைச் சொல்ல மாட்டேன், தனியாகச் சொல்கிறேன் என்று கேட்பதில் தவறே இல்லை. திரும்பும்போது நேராக வீட்டுக்குப் போகாமல் இரண்டு பஸ் மாறிப் போங்கள்.

இப்படிக் கண்காணிப்பது சட்டப்படி குற்றமா?

குற்றம்தான். பழைய ஐபிசிக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவு, ஒரு பெண்ணின் இணையம், மெயில் போன்றவற்றின் பயன்பாட்டைக் கண்காணிப்பதையும் பின்தொடர்தல் குற்றமாகவே சொல்கிறது. பாஸ்வேர்டை ஏமாற்றிப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவும் சேரும். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் நீங்கள் கேட்கும் பாதுகாப்பு உத்தரவு, போன், மெசேஜ், மெயில் எந்த வழியிலும் அவர் தொடர்புகொள்ளக் கூடாது என்று தடுக்க முடியும். மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மனுவை எங்கே தாக்கல் செய்வது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இப்போது தங்கியிருக்கும் ஏரியாவிலும் செய்யலாம், வன்முறை நடந்த இடத்திலும் செய்யலாம். தங்கியிருக்கும் ஏரியா கோர்ட்டில் போட்டால் நோட்டீஸைப் பார்த்தே அவர் ஏரியாவைத் தெரிந்துகொள்வார். பழைய வீடு இருந்த இடத்தில் போடுவது பல நேரங்களில் பாதுகாப்பு. மனுவில் முகவரி எப்படி எழுதுவது என்று வக்கீலிடம் முதலிலேயே பேசுங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் சட்ட உதவி எண் 15100-க்கு அழையுங்கள், அல்லது உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு.

அந்தரங்கப் படங்களை வெளியிடுவேன் என்று மிரட்டுகிறார்.

அவர் கேட்பதைக் கொடுக்காதீர்கள், கொடுத்தாலும் மிரட்டல் நிற்காது. மிரட்டலைச் சேமித்து, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றம் என்ற பகுதியில் பதியுங்கள். பெயர் சொல்லாமலும் பதிய வழி இருக்கிறது. ஸ்டாப் என்சிஐஐ என்ற தளத்தில், படத்தை எங்கும் அனுப்பாமல் அதன் கைரேகை போன்ற ஓர் எண்ணை மட்டும் உங்கள் போனிலேயே உருவாக்கி, அந்தப் படம் சில பெரிய சமூக ஊடகங்களில் ஏறாமல் தடுக்கலாம். இதில் வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை.

ஆதாரத்தை எப்படிச் சேர்ப்பது?

ஸ்கிரீன்ஷாட்டில் நம்பரும் தேதியும் தெரியட்டும். வந்த போனிலிருந்து மெசேஜை அழிக்காதீர்கள். மின்னணு ஆதாரத்தைக் கோர்ட்டில் கொடுக்கும்போது புது சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ஆவது பிரிவின் கீழ் சான்றிதழ் கேட்பார்கள், அதற்கு அசல் போன் உதவும். கணவன் மனைவி பேசியதை ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் திருமண வழக்கில் அதை ஆதாரமாகக் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொன்னது. அவருக்கும் அது பொருந்தும் என்பதால், அவர் போன் செய்து தூண்டிவிட்டாலும் வார்த்தையை விடாதீர்கள்.

நான் தோழி. அவள் என் வீட்டில்தான் இருக்கிறாள். நான் என்ன செய்ய வேண்டும்?

அவள் இருப்பதை வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும் வாட்ச்மேனிடமும் தேவையில்லாமல் சொல்ல வேண்டாம். யாராவது அவளைக் கேட்டு வந்தால் "அப்படி யாரும் இல்லை" என்று சொல்ல மட்டும் சொல்லி வையுங்கள். உங்கள் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் அவர் நண்பராக இருந்தால் இப்போதைக்கு வீட்டுப் படமே போடாதீர்கள். உங்கள் வைஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள், அவர் எப்போதாவது உங்கள் வீட்டுக்கு வந்து இணைத்திருக்கலாம். அவர் அழைத்து அழுதாலும், "குழந்தைக்குக் காய்ச்சல், ஒரு வார்த்தை பேசணும்" என்றாலும், "எனக்குத் தெரியாது அண்ணா" என்பதற்கு மேல் பேச வேண்டாம். அழைப்பு வந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். வாசலில் வந்து நின்றால் கதவைத் திறக்காமல் 112.